நோட்டில் நிமிடத்தைக் கூட்டச் சொல்கிறார்கள், கையெழுத்தோ என்னுடையது

நியூ ஜெர்சியில் ஒரு தனியார் அவுட்பேஷன்ட் கிளினிக்கில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை நி. என்று குறிப்பிடுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

நி. கோவையில் பி.பி.டி. படித்தவர். அமெரிக்கா வந்து மேற்படிப்பு முடித்து, லைசென்ஸ் தேர்வும் எழுதி, எச்-1பி விசாவில் இந்தக் கிளினிக்கில் சேர்ந்தார். நோயாளிகளில் பாதிக்கு மேல் மெடிகேர் எனும் அரசுக் காப்பீட்டில் இருக்கும் முதியவர்கள். அரை மணிக்கு ஒருவர் என்று ஷெட்யூல் போடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் இருப்பதால் எந்நேரமும் இரண்டு பேர் அவர் கையில் இருப்பார்கள். ஒருவருக்கு இவர் கைச்சிகிச்சை செய்யும்போது இன்னொருவருக்கு டெக்னீஷியன் பயிற்சி கொடுக்கிறார். பில்லில் இருவருக்கும் தலா நான்கு யூனிட் (சுமார் கால் மணிக்கு ஒரு யூனிட் என்பது கணக்கு). நோட், அதாவது சிகிச்சைப் பதிவு, எழுதுவது இரவில், வீட்டில். சில வாரங்களாக பில்லிங் பிரிவிலிருந்து செய்தி வருகிறது: "45 நிமிடத்தை 53 ஆக்குங்கள்", "97110-ஐ 97530-ஆக மாற்றுங்கள்". இவை எந்தச் சிகிச்சை என்று பில்லில் குறிக்கும் எண்கள், கோடு (code) என்பார்கள். சில நோட்களை அவர் மாற்றியும் இருக்கிறார். பார்கின்சன் நோயுள்ள ஒரு பெரியவரை, முன்னேற்றம் இல்லை என்பதால் டிஸ்சார்ஜ் செய்யச் சொல்லியிருக்கிறார் கிளினிக் உரிமையாளர்.

"பில் போடுவது அவர்கள்தானே, என் பொறுப்பு இதில் எவ்வளவு? வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் எல்லா இடத்திலும் இப்படித்தான் என்கிறார்கள். எதிர்த்துப் பேசினால் விசா போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் வேலையை விட்டுவிடவா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள நி.,

கிளினிக் பதிவுகளைத் தணிக்கை செய்வது என் வேலை. அதற்கு முன்பு உங்களைப் போலவே நோயாளிகளோடு நின்றிருக்கிறேன். அந்த இரண்டு இடங்களிலிருந்தும் பேசுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞரிடம் போக வேண்டிய கட்டம் எது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் பொறுப்பு. பில் போடுவது கிளினிக் என்பது உண்மை. ஆனால் அந்த பில்லில் சிகிச்சை அளித்தவர் என்று போவது உங்களை அடையாளம் காட்டும் என்.பி.ஐ. எண். அதற்கு ஆதாரம் நீங்கள் கையெழுத்திட்ட நோட். மெடிகேர் பணம் தருவது அந்த நோட்டை நம்பித்தான். ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் ஆக்ட் எனும் பொய்க் கோரிக்கைச் சட்டத்தில் "தெரிந்தே" என்பதற்குப் பொருள் விரிவானது. பொய் என்று அறிந்து செய்வது மட்டுமல்ல, வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வதும், அக்கறையே இல்லாமல் இருப்பதும் அதில் அடங்கும். பிறர் பொய்க் கோரிக்கை அனுப்புவதற்காகப் பொய்ப் பதிவை உருவாக்கித் தருவதும் அந்தச் சட்டத்துக்குள் வரும். அரசுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு, அதற்கு மேல் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அபராதம். 2025 நிலவரப்படி அந்த அபராதம் 14,308 முதல் 28,619 டாலர் வரை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்ற குழுவின் ஆறுதல் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது என்பதற்காகச் சொல்கிறேன். அதோடு அது உண்மையும் இல்லை. ஒழுங்காக நடக்கும் கிளினிக்குகள் நிறைய இருக்கின்றன.

நிமிடமும் யூனிட்டும்

உங்கள் கடிதத்தில் ஒரு வரி: "ஒரு கோடுக்கு எட்டு நிமிடம் செய்தால் ஒரு யூனிட் போடலாம்தானே?" நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மெடிகேரில் முதலில் பார்ப்பது அந்த நாளின் மொத்த நிமிடத்தை, அதாவது நேரத்தை வைத்துக் கணக்கிடும் கோடுகள் எல்லாவற்றின் கூட்டுத்தொகையை. 8 முதல் 22 நிமிடம் வரை ஒரு யூனிட், 23 முதல் 37 வரை இரண்டு, 38 முதல் 52 வரை மூன்று, 53 முதல் 67 வரை நான்கு. பயிற்சிக்கு 8, சமநிலைக்கு 8, கைச்சிகிச்சைக்கு 8 என்று செய்தால் மொத்தம் 24 நிமிடம். மூன்று கோடு இருந்தாலும் மெடிகேரில் இரண்டு யூனிட்தான். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கணக்கைப் பின்பற்றும் தனியார் காப்பீட்டில் இதே 24 நிமிடம் மூன்று யூனிட் ஆகலாம், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு கோடையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். எனவே யாருடைய காப்பீடு என்பது தெரியாமல் யூனிட் சொல்ல முடியாது.

இந்த விதி சில நேரம் உங்களுக்குச் சாதகமாகவும் வரும். பயிற்சிக்கான 97110 கோடில் 33 நிமிடம், கைச்சிகிச்சைக்கான 97140 கோடில் 7 நிமிடம் செய்தீர்கள் என்று வைப்போம். மொத்தம் 40, ஆக மூன்று யூனிட். முதல் 30 நிமிடத்துக்கு 97110 இரண்டு. மீதியில் 97110-க்கு 3 நிமிடம், 97140-க்கு 7. எது அதிகமோ அதற்கு மூன்றாவது யூனிட், அதாவது 97140-க்கு. எட்டு நிமிடம் தொடவில்லையே என்று அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நேர்மையாகக் கணக்குப் போட்டால் கிளினிக்குக்கு எப்போதும் நஷ்டம்தான் என்பது தவறான எண்ணம். உரிமையாளரிடம் பேசும்போது இது உதவும்.

எந்த நிமிடம் சேரும் என்பதும் முக்கியம். நோட் எழுதும் நேரம் சேராது. நோயாளி ஓய்வெடுக்கும் நேரமும், அடுத்த மேசைக்காகக் காத்திருக்கும் நேரமும் சேராது. சிகிச்சைக்கு நடுவே நீங்கள் அளந்து பார்ப்பது, கேட்டுத் தெரிந்துகொள்வது, சொல்லிக்கொடுப்பது சேரும். ஒவ்வொரு பயிற்சிக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மெடிகேர் அதைக் கேட்பதில்லை. என்னென்ன சிகிச்சை, நேரக் கோடுகளின் மொத்த நிமிடம், அன்றைய சிகிச்சையின் முழு மொத்த நிமிடம், தகுதியோடு உங்கள் கையெழுத்து: இவை வேண்டும்.

"45-ஐ 53 ஆக்குங்கள்" என்பது ஏன் வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும். நான்காவது யூனிட் 53-ல்தான் தொடங்குகிறது. நடக்காத அந்த எட்டு நிமிடத்துக்கு அந்த முதியவரும் பணம் கட்டுகிறார். மெடிகேர் பார்ட் பி-யில் 20 சதவீதம் நோயாளியின் பங்கு. அதோடு, ஆண்டுக்கு இவ்வளவு டாலர் தாண்டினால் கே.எக்ஸ். குறியீடு போட்டு, சிகிச்சை இன்னும் தேவை என்று நீங்கள் உறுதி சொல்ல வேண்டிய ஒரு வரம்பு இருக்கிறது. 2025-ல் அது பிசியோவுக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் சேர்த்து 2,410 டாலர். ஆக்குபேஷனல் தெரபிக்குத் தனியாக அதே தொகை. கூட்டி எழுதிய யூனிட்கள் அந்த வரம்பை முன்கூட்டியே தின்றுவிடும். பிறகு அந்த நோயாளி நிஜமாகவே விழுந்து இடுப்பு உடைந்து வந்தால், அவர் கணக்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அவருக்கு நீங்கள் தரக்கூடிய சிகிச்சை கூடுதல் ஆய்வுக்குள்ளாகும்.

ஒரே மணியில் இரண்டு பேர்

கணக்கை நேரடியாகப் பாருங்கள். ஒருவருக்கு நான்கு யூனிட் என்றால் குறைந்தது 53 நிமிடம். இருவருக்கு 106. உங்களிடம் இருப்பது 60. தணிக்கைக்கு வருபவர் முதலில் எடுப்பது ஷெட்யூலைத்தான். ஒரு தெரபிஸ்டின் ஒரு நாள் பில்லை அந்த நாளின் வேலை நேரத்தோடு ஒப்பிட்டாலே இது வெளியே வந்துவிடும்.

டெக்னீஷியன் கொடுக்கும் பயிற்சிக்கு மெடிகேரில் பில் போட முடியாது. நீங்கள் அதே அறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும் முடியாது. 97110 போன்ற கோடுகளே ஒருவருக்கு ஒருவர் நேரடியாகச் செய்யும் சிகிச்சைக்கானவை. டெக்னீஷியன் கருவியை எடுத்து வைக்கலாம், மேசையைத் தயார் செய்யலாம். அவர் செலவழித்த நிமிடம் உங்கள் நிமிடம் ஆகாது. லைசென்ஸ் பெற்ற அசிஸ்டென்ட் வேறு. அவர் செய்ததற்கு சி.க்யூ. குறியீட்டோடு (ஆக்குபேஷனல் தெரபியில் சி.ஓ.) பில் போடலாம். 2022-லிருந்து அதற்கு மெடிகேர் வழக்கமான தொகையில் 85 சதவீதம் தருகிறது. தனியார் கிளினிக்கில் அசிஸ்டென்டை மேற்பார்வை பார்க்க நீங்கள் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும் என்ற மெடிகேர் விதியும் 2025 ஜனவரியிலிருந்து தளர்ந்துவிட்டது. மாநில விதி தனி, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேரை ஒரே மணியில் பார்ப்பதே தவறு என்று நினைக்காதீர்கள். 9 மணி முதல் 9.25 வரை முதல் நோயாளி. அவர் சைக்கிளில் ஏறியதும் 9.50 வரை இரண்டாமவர். மறுபடி 10 மணி வரை முதலாமவர். முதல்வருக்கு 35 நிமிடம், இரண்டு யூனிட். அடுத்தவருக்கு 25 நிமிடம், இரண்டு யூனிட். நேரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றில்லை, விட்டுவிட்டுச் செய்ததைக் கூட்டலாம். சைக்கிள் ஓட்டிய நேரம் மட்டும் சேராது. இருவரையும் ஒரே நேரத்தில் மாறி மாறிக் கவனித்தீர்கள் என்றால் அதற்குக் குழுச் சிகிச்சைக் கோடு 97150 இருக்கிறது. நேரக் கணக்கு இல்லை, ஆளுக்கு ஒரு யூனிட். தொகை குறைவுதான். ஆனால் நடந்தது அதுதான் என்றால் எழுத வேண்டியதும் அதுதான்.

கோடை மாற்றுவதும் நோட்டை வளர்ப்பதும்

97110-ஐ 97530-ஆக மாற்றச் சொல்வது, 97530-க்கு யூனிட் ஒன்றுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கிடைப்பதால். மாற்றவே கூடாதா என்றால், அப்படி இல்லை. ஒரே குந்தி எழும் அசைவு, தொடைத் தசையின் வலிமைக்காகச் செய்தால் 97110. சமநிலையும் உடலுணர்வும் திரும்புவதற்காகச் செய்தால் 97112. கழிப்பறை இருக்கையிலிருந்து எழுந்து நிற்பதைப் பழக்கினால் 97530. நோக்கத்தைத் தீர்மானிப்பது நீங்கள், நோயாளியின் எதிரில், அந்த நேரத்தில். நான்கு நாள் கழித்து பில்லிங் மேசையில் இருப்பவருக்கு அது தெரியாது. அவர் "இது 97530 மாதிரி இருக்கிறதே, பார்க்கிறீர்களா?" என்று கேட்பது முறையான கேள்வி. "மாற்றுங்கள்" என்று உத்தரவிடுவது முறையல்ல. 97530-ஐயும் 97140-ஐயும் ஒரே நாளில் போட்டு, இரண்டும் தனித்தனி என்று காட்டும் 59 குறியீடு சேர்ப்பதும் இப்படித்தான். இரண்டும் தனித்தனி நேரத்தில் நடந்தால்தான் அது பொருந்தும்.

நோட் நீளமாக இருந்தால் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை பக்கம் பக்கமாக இருக்கும் நோட்கள்தான் பலவீனமானவை. முந்தைய நோட்டை அப்படியே இழுத்து வந்து, "நோயாளி நன்றாகப் பொறுத்துக்கொண்டார், திட்டத்தைத் தொடரவும்" என்று முடிப்பது எதையும் நிரூபிக்காது. அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: "முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் நான்காம் வாரம். மடக்கும் கோணம் 95-லிருந்து 108 ஆகியிருக்கிறது. படி இறங்கும்போது இடுப்பு இடப்பக்கம் சாய்கிறது. கையால் தொட்டு உணர்த்தித் திருத்தியதில் பத்தில் ஏழு தடவை சரியாக இறங்கினார். வீட்டில் படிக்குக் கைப்பிடி இல்லை, அதனால் கைப்பிடி இல்லாமல் பழக்கினேன்." ஐந்தே வரி. ஜிம் டிரெய்னரால் இதைச் செய்ய முடியாது என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். நோட்டில் தேட வேண்டியது அதைத்தான். பத்துச் சிகிச்சை நாளுக்கு ஒருமுறை எழுத வேண்டிய முன்னேற்ற அறிக்கையிலும் அதே பார்வை இருக்கட்டும்.

2018 மார்ச்சில் அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2013-ன் பிற்பாதியில் வந்த அவுட்பேஷன்ட் பிசியோதெரபி கோரிக்கைகளில் 300-ஐ எடுத்துப் பார்த்ததில் 184 மெடிகேர் விதிகளுக்கு உட்படவில்லை. மருத்துவத் தேவை நிறுவப்படாதது, கோடு தவறு, பதிவு போதாதது ஆகியவைதான் காரணங்கள். அவை எல்லாமே மோசடி இல்லை. நிஜமாகவே நல்ல சிகிச்சை தந்துவிட்டு அதை எழுதத் தெரியாமல் போனவர்களும் அதில் இருப்பார்கள். நடந்ததைச் சரியாக எழுதாதது ஒன்று, நடக்காததை எழுதுவது வேறொன்று. முதலாவதைப் பயிற்சியால் சரிசெய்யலாம்.

பார்கின்சன் பெரியவர்

இந்தப் பகுதியைப் படித்தபோதுதான் எனக்கு மனம் மிகவும் வருந்தியது. "முன்னேற்றம் இல்லையென்றால் மெடிகேர் பணம் தராது" என்று உங்கள் உரிமையாளர் சொன்னது தவறு. ஜிம்மோ எதிர் செபீலியஸ் என்ற வழக்கில் 2013 ஜனவரியில் நீதிமன்றம் ஏற்ற சமரசம் இதைத் தெளிவாக்கிவிட்டது. நிலைமை மோசமாகாமல் காக்கவோ, மோசமாவதைத் தாமதப்படுத்தவோ தெரபிஸ்டின் திறமை தேவைப்பட்டால் மெடிகேர் அதற்குப் பணம் தரும். முன்னேற்றம் நிபந்தனை இல்லை. தெரபிஸ்டின் திறமை தேவைப்படுகிறதா என்பதுதான் நிபந்தனை. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பயிற்சி என்றால் கிடைக்காது.

அவரை டிஸ்சார்ஜ் செய்யாதீர்கள். மறுமதிப்பீடு செய்து, பராமரிப்புச் சிகிச்சை என்று வெளிப்படையாகப் பெயரிட்டுத் திட்டம் எழுதுங்கள். நடை உறைந்து நிற்பது எத்தனை தடவை, சமீபத்தில் எத்தனை முறை விழுந்தார், மருந்தின் நேரத்துக்கேற்ப அசைவு எப்படி மாறுகிறது, ஒவ்வொரு முறையும் நீங்கள் எதை மாற்ற வேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் எழுதுங்கள். மனைவிக்கு எதைச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்பதையும் சேருங்கள். வாரம் மூன்று முறை வேண்டியிருக்காது. மாதம் இரண்டு முறை போதுமா என்று யோசியுங்கள். முன்னேறினார் என்று பொய்யாக எழுத வேண்டிய அவசியமே இங்கில்லை.

இனி என்ன செய்வது

இன்றிலிருந்து ஒரு நிமிடத்தைக்கூட மாற்றாதீர்கள். மாற்றச் சொன்னால் மின்னஞ்சலில் பதில் எழுதுங்கள்: "அன்று நான் செய்தது 45 நிமிடம். நோட் சரியாகவே இருக்கிறது." கோபமோ குற்றச்சாட்டோ வேண்டாம். இரவில் நோட் எழுதும் பழக்கத்தை விடுங்கள். நோயாளி இருக்கும்போதே நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே மாற்றிய நோட்களைத் திறந்து சத்தமில்லாமல் பழையபடி ஆக்கிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதை மென்பொருள் பதிந்து வைத்திருக்கிறது. திருத்தம் என்றால், பழைய பதிவு அப்படியே இருக்க, இன்றைய தேதியிட்டு, திருத்தம் என்று குறிப்பிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அதைக்கூட வழக்கறிஞரைப் பார்த்த பிறகு செய்யுங்கள்.

வழக்கறிஞர் என்றால் உங்கள் வழக்கறிஞர். கிளினிக்கின் வழக்கறிஞர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவர் கிளினிக்குக்காக இருப்பவர். உரிமையாளரிடம் பேசுவதற்கு முன்பே ஒருமுறை, மருத்துவக் காப்பீட்டு வழக்குகளைப் பார்க்கும் ஒருவரைச் சந்தித்துவிடுங்கள். அதுவரை நோயாளிகளின் பதிவுகளைப் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் எதையும் போடாதீர்கள். முறைகேட்டைப் பற்றித் தன் வழக்கறிஞரிடமோ மேற்பார்வை அமைப்பிடமோ தெரிவிக்கும் ஊழியருக்கு, நோயாளிகளின் ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்தில் விலக்கு உண்டு. நண்பர்களுக்கு அனுப்புவதற்கு அந்த விலக்கு இல்லை.

பிறகு உரிமையாளரிடம் பேசுங்கள். எல்லா உரிமையாளர்களும் திருடர்கள் இல்லை. பில்லிங் நிறுவனம் சொன்னதை நம்பிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 106 நிமிடக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். ஓர் அசிஸ்டென்டை வேலைக்கு வைப்பது, ஷெட்யூலை மாற்றுவது, குழுக் கோடைப் பயன்படுத்துவது என்று வழிகளைச் சொல்லுங்கள். கூடுதலாக வாங்கிவிட்டோம் என்று தெரிந்தால் 60 நாளுக்குள் திருப்பித்தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. எவ்வளவு என்று நல்லெண்ணத்தோடு ஆராய்ந்துகொண்டிருந்தால் அந்தக் கெடு 180 நாள் வரை நிறுத்திவைக்கப்படும். தானாகத் திருப்பித்தரும் கிளினிக்கை அரசு நடத்தும் விதமே வேறு.

அவர் கேட்கவில்லை, உங்கள் மேல் பாய்கிறார் என்றால் உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பழிவாங்கி வேலையை விட்டு நீக்கினால், இழந்த சம்பளத்தின் இரு மடங்கும் வேலையும் கேட்க மத்தியச் சட்டம் வழி தருகிறது. அதற்கு மூன்று ஆண்டு அவகாசம். நியூ ஜெர்சியில் 1986-லிருந்து மனசாட்சிப்படி நடக்கும் ஊழியரைக் காக்கும் தனிச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அதன்படி வழக்குப் போட ஓராண்டுதான். அரசு அமைப்பிடம் போவதற்கு முன் முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் உண்டு. மின்னஞ்சலில் எழுதச் சொன்னதற்கு இதுவும் காரணம். அரசின் சார்பில் நீங்களே வழக்குத் தொடுக்கும் வழியும் இருக்கிறது. அது முத்திரையிட்டு ரகசியமாகத் தாக்கலாகும், ஆண்டுக்கணக்கில் நடக்கும். வென்றால் பங்கு கிடைக்கும் என்று கேள்விப்பட்டு அவசரப்பட்டு இறங்க வேண்டாம். அந்த முடிவை வழக்கறிஞரோடு எடுங்கள்.

விசா. வேலை போனால் மறுநாளே நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. எச்-1பி-யில் 60 நாள் வரை அவகாசம் உண்டு, உங்கள் ஐ-94 (தங்கும் அனுமதிப் பதிவு) அதற்கு முன்பே முடியாவிட்டால். இன்னும் நல்ல வழி, வேலையில் இருக்கும்போதே வேறு இடம் பார்ப்பது. புதிய கிளினிக் உங்களுக்காக மனுத் தாக்கல் செய்ததுமே அங்கே சேரலாம். அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிரீன் கார்டைப் பொறுத்தவரை பிசியோதெரபிஸ்ட் வேலை "ஷெட்யூல் ஏ" பட்டியலில் இருக்கிறது. அதனால் உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று விளம்பரம் போட்டுக் காட்டும் நீண்ட படி புதிய முதலாளிக்குத் தேவையில்லை. உங்கள் ஐ-140 (கிரீன் கார்டுக்காக முதலாளி தரும் மனு) ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டிருந்தால், பொதுவாக அந்த வரிசைத் தேதியையும் கூடவே கொண்டுபோகலாம். தேதிகளை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இந்த வாரம் ராஜினாமா வேண்டாம். வழக்கறிஞரிடம் நேரம் வாங்குங்கள், பயோடேட்டாவைப் புதுப்பியுங்கள், திங்கட்கிழமை அந்தப் பெரியவருக்கு மறுமதிப்பீடு செய்துவிடுங்கள். புதிய இடத்துக்கு நேர்காணலுக்குப் போகும்போது, ஒரு மணிக்கு எத்தனை நோயாளிகள், டெக்னீஷியன் என்ன வேலை செய்கிறார், நோட் எழுத வேலை நேரத்திலேயே இடம் இருக்கிறதா, இந்த மூன்றையும் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே கேளுங்கள்.